மூன்று பக்கம், இருபது நிமிஷம்

ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து, மண்டையை உடைத்துக்கொண்டு நீங்கள் ஒரு ஸ்டேட்மெண்ட் தயார் செய்கிறீர்கள். மேனேஜர் அதை வாங்கிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு ஹெட் ஆபீசுக்கு அனுப்புகிறார். ஹெட் ஆபீஸ் அவரைப் பாராட்டுகிறது. அவர் உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தருகிறார். நீங்கள் 'தாங்க்யூ சார்' என்கிறீர்கள்.

இந்த அநியாயம் நடக்கக் கூடாது என்று சட்டமே போட்டு வைத்திருக்கிற தொழில் ஒன்று உண்டு. விஞ்ஞானம். அங்கே அடுத்தவர் சரக்கை எடுத்துப் பயன்படுத்தினால், 'இது இன்னாருடையது, இன்ன வருஷம், இன்ன பத்திரிகை' என்று கட்டுரையின் கடைசியில் எழுதியே ஆக வேண்டும். இதற்கு சைட்டேஷன் என்று பெயர்.

பி.காம். படித்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாங்கினவன் தன் புத்தகத்தில் கடன் என்று எழுதுகிறான். கொடுத்தவன் கணக்கில் வரவு ஏறுகிறது. வட்டி கிடையாது, ஜப்தி கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு பட்டிருக்கிறார்கள் என்று உலகத்துக்குத் தெரிந்தால் போதும். ஏறக்குறைய நம்ம ஊர் மொய் நோட்டு.

அந்த நோட்டில் ரொம்பப் பெரிய தொகை எழுதப்பட்டிருக்கிற ஓர் ஆசாமியைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஆசாமியின் பெயர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஹாலந்துக்காரர். 1930-இல் ராட்டர்டாமில் பிறந்தவர். அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ஐ, ஜே, கே என்று மூன்று எழுத்தும் வரிசையாக வரும். கம்ப்யூட்டர் கிளாஸ் போனவர்களுக்குத் தெரியும், புரோகிராமில் லூப் போடுவதற்கு முதலில் கை போவது இந்த மூன்று எழுத்துக்குத்தான். ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது!

1956. டைக்ஸ்ட்ரா ஆம்ஸ்டர்டாமில் கணித மையத்தில் வேலை பார்க்கிறார். அங்கே ஆர்மாக் என்று புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கட்டி முடித்திருக்கிறார்கள். திறப்பு விழா. கணக்கு தெரியாத பெரிய மனிதர்கள் வருவார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி மெஷினை வைத்து ஏதாவது வித்தை காட்ட வேண்டும். என்ன காட்டலாம்? ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குறுக்கு வழி எது என்று கேட்டால் எவருக்கும் புரியுமே!

ஒரு நாள் காலை. தனக்கு நிச்சயமான பெண்ணுடன் கடைத்தெரு சுற்றிவிட்டு, கால் வலித்து, ஒரு காபிக் கடை வாசலில் உட்காருகிறார். காபி வருகிறது. இவர் யோசிக்கிறார். சுமார் 20 நிமிஷத்தில் வழி பிடிபட்டுவிட்டது. இதெல்லாம் அவரே பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னது.

(கல்யாணம் நிச்சயமான வாசகர்கள் இதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். எதிரில் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு 20 நிமிஷம் ரோட்டை யோசித்தால் அல்காரிதம் கிடைக்கிறதோ இல்லையோ, பெண் கிடைக்க மாட்டாள். டைக்ஸ்ட்ராவுக்குக் கிடைத்தார். அந்தப் பெண் ரியாவும் அதே கணித மையத்தில் கணக்குப் போட்டவர் என்பதால் மன்னித்திருக்கலாம்!)

அந்த வழி என்ன? பயப்படாதீர்கள், பென்சிலும் மசிப் பேனாவும் இருந்தால் போதும்.

நீங்கள் ராட்டர்டாமில் நிற்கிறீர்கள். வடக்கே க்ரோனிங்கன் போக வேண்டும். நடுவில் ஏகப்பட்ட ஊர்கள், குறுக்கும் நெடுக்குமாக ரோடுகள். எல்லா வழியையும் எழுதிக் கூட்டிப் பார்க்கலாம் என்றால் ஆயுசு போதாது. அதனால் முதலில், நிற்கிற ஊரிலிருந்து நேர் ரோடு உள்ள ஊர்களின் தூரத்தை மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஊர் 10 கிலோமீட்டர், இன்னோர் ஊர் 15 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது எது? 10. அதன் மேல் மசியால் எழுதிவிடுங்கள். அது ஆடிட் முடிந்த கணக்கு, இனிமேல் மாறாது. ஏனென்றால் வேறு எந்த ஊர் வழியாகச் சுற்றி வருவதானாலும் அந்த ஊருக்குப் போய்ச் சேரவே 15 ஆகிறதே!

இப்போது மசியால் எழுதின ஊரில் போய் நின்று பாருங்கள். இங்கிருந்து அந்த இரண்டாவது ஊருக்கு 3 கிலோமீட்டர்தான் என்று தெரிகிறது. 10-ம் 3-ம் 13. பென்சிலில் இருந்த 15-ஐ அழித்து 13 என்று திருத்துங்கள். மறுபடி பென்சில் கணக்குகளில் குறைந்தது எது? அதற்கு மசி. மறுபடி அங்கே போய் நின்று... இப்படியே க்ரோனிங்கனுக்கு மசி விழுகிற வரைக்கும். விழுந்தால் முடிந்தது கதை. எந்த ரோட்டின் நீளமும் மைனஸில் இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

இத்தனை பென்சிலும் மசியும் சொன்னேனே, அந்தக் காபி மேஜையில் டைக்ஸ்ட்ராவிடம் இரண்டுமே இல்லை. மனசுக்குள்ளேயே போட்டார். பேப்பர் இல்லாததால்தான் தேவையில்லாத சிக்கலையெல்லாம் தவிர்க்க வேண்டியிருந்தது, அதனால்தான் அது அவ்வளவு எளிமையாக வந்தது என்பது அவர் கட்சி.

திறப்பு விழா நடந்தது. மெஷின் ஹாலந்தின் 64 ஊர்களுக்கு வழி சொன்னது. (அது என்ன 64? ஓர் ஊரின் நம்பரை 6 பிட்டுக்குள் அடக்கினால் அத்தனைதான் கிடைக்கும்.) பெரிய மனிதர்கள் பார்த்தார்கள், போனார்கள்.

இன்றைக்கு ஒருவர் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் காபி ஆறுவதற்குள் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவார். டைக்ஸ்ட்ரா 3 வருஷம் கழித்துத்தான் அச்சில் போட்டார். காரணம், எங்கே அனுப்புவது? அல்காரிதம் என்பதை அப்போது கணித மேதைகள் ஒரு விஷயமாகவே மதிக்கவில்லை. கம்ப்யூட்டர்காரர்களுக்கு என்று பத்திரிகைகளும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஏன், அந்த உத்தியோகத்துக்கே மதிப்பு இல்லை. 1957-இல் கல்யாணப் பதிவுக்குப் போனபோது தொழில் என்ற இடத்தில் 'புரோகிராமர்' என்று போட்டிருக்கிறார். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஏற்கவில்லை. அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் 'பௌதிக விஞ்ஞானி' என்று எழுதிக் கல்யாணத்தை முடித்தார்.

1959-இல் ஒரு புதுப் பத்திரிகையின் முதல் தொகுதியில் அந்தக் கட்டுரை வந்தது. பக்கம் 269 முதல் 271 வரை. மொத்தம் 3 பக்கம். அதிலும் பாதி வேறு விஷயம்!

அந்த 3 பக்கத்தைத் தங்கள் கட்டுரைகளில் எடுத்துச் சொல்லியிருப்பவர்களின் எண்ணிக்கை, கூகுள் ஸ்காலர் கணக்குப்படி, 20,000-க்கும் மேல். இத்தனைக்கும் இவர் செய்த எத்தனையோ வேலைகளில் இது ஒன்று. 1972-இல் கம்ப்யூட்டர் உலகின் பெரிய கௌரவமான டூரிங் விருதையும் வாங்கினவர். இந்தச் சின்னக் கட்டுரை இவ்வளவு புகழ் கொடுத்ததில் அவருக்கே ஆச்சரியம்.

நிற்க. இந்த 20,000-ஐ யார் எண்ணினார்கள்? கூகுள் ஸ்காலர் வந்தது 2004-இல்தான். அதற்கு முன்னால் இந்தப் பேரேட்டை ஆரம்பித்து வைத்தவர் யூஜின் கார்ஃபீல்ட் என்கிற அமெரிக்கர். 1955-இல் யோசனையை எழுதினார், 60-களில் புத்தகமாகவே போட்டுவிட்டார். யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமோ? வக்கீல்களிடமிருந்து. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எவை தள்ளின என்று பார்க்க அமெரிக்க வக்கீல்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஓர் அட்டவணை வைத்திருந்தார்கள். அதைத்தான் விஞ்ஞானத்துக்குக் கொண்டுவந்தார். நோக்கம், வேண்டிய கட்டுரையைத் தேடிப் பிடிப்பது. டெலிபோன் டைரக்டரி மாதிரி. ஆனால் டைரக்டரியை வைத்து மனிதர்களுக்கு மார்க் போட ஆரம்பித்தது யார் என்று கேட்டால்... எல்லாரும்தான்.

என் சிநேகிதன் ஒருவன் காலேஜ் வாத்தியார். போன மாசம் போன் பண்ணினான். குரலில் ஏகப்பட்ட குஷி.

"ஏழு ஆயிடுச்சுடா!"

"அடேயப்பா! வளைகாப்பு எப்போ?"

"டேய், ஹெச் இண்டெக்ஸ்டா!"

ஹெச் இண்டெக்ஸ் என்பது 2005-இல் ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி கண்டுபிடித்த மார்க். உங்களுடைய 7 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 7 தடவை மற்றவர்கள் எடுத்துச் சொல்லியிருந்தால் உங்கள் மார்க் 7. 8-க்குப் போக வேண்டுமானால் 8 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 8. ஒரே ஒரு செஞ்சுரியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவரையும் பிடிக்கலாம், யாருமே படிக்காததைக் குவிக்கிறவரையும் பிடிக்கலாம். கெட்டிக்கார யோசனைதான். என் சிநேகிதனுக்குப் பிரமோஷன், இன்க்ரிமெண்ட், பிஎச்.டி. மாணவர்கள் எல்லாமே இந்த நம்பரைச் சுற்றித்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். "டைக்ஸ்ட்ரா அந்த 3 பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு ரிடையராகியிருந்தால் அவர் ஹெச் இண்டெக்ஸ் எவ்வளவு?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"ஒண்ணு" என்றான்.

20,000 தடவை எடுத்துச் சொன்னாலும் கட்டுரை ஒன்றுதானே, மார்க்கும் ஒன்றுதான்! 1956-இல் டைக்ஸ்ட்ராவுக்கு வயசு 26. அந்த வயசில் அவருக்கு இந்த மாதிரி அப்ரைசல் ஃபாரம் கொடுத்திருந்தால்? 'கட்டுரை: 1, அதுவும் இன்னும் வரவில்லை. தொழில்: அப்படி ஒன்று இல்லை.' இன்க்ரிமெண்ட்டா? வாசல் அந்தப் பக்கம்.

சரி, நம்பர் பெரிதாக இருந்தால் ஆள் பெரிய ஆளா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் மூன்று பேர் 2005-இல் ஒரு புரோகிராம் எழுதினார்கள். பொத்தானை அழுத்தினால் ஒரு கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்து விழும். படம், கிராஃப், சைட்டேஷன் எல்லாம் இருக்கும். அர்த்தம் மட்டும் இருக்காது. அதில் ஒன்றை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார்கள். ஏற்றுக்கொண்டார்கள்!

2010-இல் பிரான்ஸில் க்ரனோபிள் நகரத்து கம்ப்யூட்டர் விஞ்ஞானி சிரில் லாபே ஒரு படி மேலே போனார். ஐக் ஆன்ட்கேர் என்று ஒரு விஞ்ஞானியைக் கற்பனையாக உண்டாக்கினார். (இந்தப் பெயரை ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'எனக்கென்ன கவலை' என்கிற மாதிரி காதில் விழும்.) அதே புரோகிராமை வைத்து அவர் பெயரில் நூற்றுச் சொச்சம் உளறல் கட்டுரைகள். ஒவ்வொன்றும் மற்றதையெல்லாம் எடுத்துச் சொல்லும். அதாவது, தன் வீட்டுக் கல்யாணத்தில் தானே நூறு கவரில் மொய் எழுதிக்கொள்வது. எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் போட்டுவைத்தார். கூகுள் ஸ்காலர் சமர்த்தாக எண்ணியது. பிறக்காத ஆன்ட்கேரின் ஹெச் இண்டெக்ஸ் 94! ஐன்ஸ்டைனைத் தாண்டிவிட்டார்.

லாபே இதைத் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. பூட்டு எவ்வளவு லேசாகத் திறக்கிறது என்று காட்டுவதற்காகச் செய்து, தானே எழுதியும்விட்டார். ஆனால் காட்டுவதற்காக அல்லாமல், நிஜமாகவே திறக்கிறவர்களும் இருக்கிறார்கள். நீ என்னைச் சொல்லு, நான் உன்னைச் சொல்கிறேன் என்று கூட்டணி வைத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு விதியே உண்டு, குட்ஹார்ட் விதி. அளவுகோலை இலக்காக வைத்தால் அது அளவுகோலாக இருக்காது. சேல்ஸ் டார்கெட்டுக்காக மார்ச் 31 ராத்திரி கோடவுனிலிருந்து சரக்கை லாரியில் ஏற்றி ஊரைச் சுற்றவிட்டவர்களுக்கு இந்த விதி மனப்பாடம்.

அப்படியானால் சைட்டேஷனே வெட்டி வேலையா? அதுதான் இல்லை. டைக்ஸ்ட்ராவின் மொய் நோட்டைப் புரட்டினால் அசல் மொய்யும் இருக்கிறது.

1968-இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் என்று மூன்று பேர். கலிபோர்னியாவில் ஷேக்கி என்கிற ரோபோவுக்கு வழி காட்ட வேண்டும். டைக்ஸ்ட்ராவின் முறை நாலா பக்கமும் தேடுகிறது, போக வேண்டிய திசையையும் கொஞ்சம் உத்தேசமாகக் கணக்கில் சேர்த்தால் என்ன என்று யோசித்தார்கள். தேடுகிற வேலை வெகுவாகக் குறைந்தது. 80-களில் ஃப்ரெட்மன், டார்ஜன் என்று இரண்டு பேர். பென்சில் கணக்குகளில் குறைந்ததைச் சட்டென்று எடுக்க ஒரு புது அடுக்குமுறை செய்தார்கள். 2025-இல் பெய்ஜிங்கின் ட்ஸிங்ஹுவா பல்கலைக்கழகத்து துவான் ரானும் கூட்டாளிகளும். டைக்ஸ்ட்ரா முறையில் ஒவ்வொரு தடவையும் குறைந்ததை எடுப்பதால் ஊர்களைத் தூர வாரியாக வரிசைப்படுத்தின மாதிரி ஆகிவிடுகிறது. வரிசைப்படுத்தாமலே தூரத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று நிரூபித்துவிட்டார்கள். பெரிய மாநாட்டில் சிறந்த கட்டுரைப் பரிசும் கிடைத்தது. காபி குடித்து 69 வருஷம் கழித்து!

இந்த மாதிரி மொய் ஒன்று வந்தால் அந்த 20,000-த்தில் ஆயிரத்துக்குச் சமம். ஆனால் எண்ணுகிற மெஷினுக்கு இதுவும் ஒன்று, போகிற போக்கில் பெயரை உதிர்த்துவிட்டுப் போனதும் ஒன்று.

மெஷினுக்குத் தெரியாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. நோட்டில் எழுதாமலே போனவை.

அந்த 3 பக்கத்தில் பாதி வேறு விஷயம் என்றேனே, அது எல்லா ஊர்களையும் மிகக் குறைந்த கம்பியில் இணைப்பது எப்படி என்பது. அதற்கு அதே விடையை 1957-இல் அமெரிக்காவில் ப்ரிம் என்பவர் சொல்லியிருந்தார். அவருக்கும் முன்னால், 1930-இல், டைக்ஸ்ட்ரா பிறந்த அதே வருஷம், யார்னிக் என்பவர் எழுதிவிட்டார். செக் மொழியில் எழுதினார். உலகம் ரொம்ப நாளைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. மொய் எழுதுகிறவருக்குப் படிக்கத் தெரிந்த பாஷையில்தானே வரவு ஏறும்!

டைக்ஸ்ட்ராவும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டவர் இல்லை. 1976-இல் வந்த அவருடைய பிரசித்தி பெற்ற புரோகிராமிங் புத்தகத்தில் ஆதார நூல் பட்டியலே கிடையாது. அதற்குக் காரணமும் சொல்லப்போவதில்லை, மன்னிப்பும் கேட்கப்போவதில்லை என்று முன்னுரையிலேயே தெரிவித்துவிட்டார். வரவுப் பக்கத்தில் 20,000, பற்றுப் பக்கம் காலி. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். இன்னொரு பக்கம், தன் யோசனைகளை நம்பர் போட்டு, பெரும்பாலும் பேனாவால் எழுதி, நண்பர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அவர்கள் மேலும் ஜெராக்ஸ் எடுத்தார்கள். 2002-இல் அவர் காலமாகிறபோது அந்த வரிசை 1,300-ஐத் தாண்டியிருந்தது. எவ்வளவோ பேர் அதைப் படித்து வளர்ந்தார்கள். பேரேட்டில் எவ்வளவு ஏறியிருக்கும்?

ஜெராக்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த முறையைக் கண்டுபிடித்தவர் செஸ்டர் கார்ல்சன், 1938. 'ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாப்பா' என்கிறபோது நாம் யாராவது கார்ல்சன் பெயரைச் சொல்கிறோமா? ஒரு விஷயம் ரொம்பவும் பிரபலமாகிவிட்டால் அதைச் செய்தவர் பெயரைச் சொல்வதையே விட்டுவிடுவோம். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியல் அறிஞர் இதைக் கவனித்து ஒரு பெயரும் வைத்திருக்கிறார். உள்ளே கலந்து கரைந்துபோவது என்று தமிழில் சொல்லலாம். பாயசத்தில் சர்க்கரை மாதிரி. எல்லா வாயிலும் இருக்கும், கண்ணில் மட்டும் படாது.

இன்டர்நெட்டில் நிறைய நிறுவனங்களின் வலைக்குள் தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று ரவுட்டர்கள் தீர்மானிப்பது டைக்ஸ்ட்ராவின் பென்சில்-மசிக் கணக்கால்தான். செல்போன் மேப் இடது பக்கம் திரும்பச் சொல்வதற்குப் பின்னாலும் அவர் யோசனையின் வாரிசுகள் இருக்கிறார்கள். ரவுட்டர் அடிக்குறிப்பு எழுதுவதில்லை. மேப்பும் எழுதுவதில்லை. பிரியாணி கொண்டுவருகிற தம்பியும் மணியடித்து, 'சார், உபயம் டைக்ஸ்ட்ரா' என்று சொல்வதில்லை. இதையெல்லாம் எண்ணினால் 20,000 என்பது ஒரு நிமிஷத்துக்குக்கூடக் காணாது.

அல்காரிதம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி என்று ஒரு கணித மேதை இருந்தார். அவர் பெயரை லத்தீனில் எழுதப்போய், அது திரிந்து திரிந்து வந்ததுதான் இந்தச் சொல். ஆக, இந்தக் கட்டுரையில் நான் அல்காரிதம் என்று எழுதின ஒவ்வொரு இடத்திலும் அவர் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். எந்த மெஷினும் எண்ணப்போவதில்லை.

என் சிநேகிதனிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் சரிடா, அப்ரைசல் ஃபாரத்துல கரைஞ்சு போனதுக்குக் காலம் இல்லையே" என்றான். நியாயம். அவனுக்கு 8 ஆக வேண்டும், மார்ச்சுக்குள். ஆனால் அவனிடம் படித்த எத்தனையோ பையன்கள் எங்கெங்கோ வேலையில் இருக்கிறார்கள். அவன் கரும்பலகையில் போட்டுக் காட்டின வழியில் தினம் கணக்குப் போடுகிறார்கள். அந்த நம்பர் எந்த ஃபாரத்திலும் இல்லை.

எழுதாமல் போன மொய்யை நாமாவது கொஞ்சம் எழுதலாம். உங்கள் செக்‌ஷனில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு உபயோகிக்கிற எக்செல் ஷீட் ஒன்று இருக்குமே, மாசக் கடைசியில் அது இல்லாவிட்டால் ஆபீசே ஸ்தம்பித்துவிடும், அதை முதலில் போட்டது யார் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ரிடையராகிப் போயிருப்பார். நம்பர் வாங்கி ஒரு போன் போட்டு, "சார், உங்க ஷீட்டுதான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு" என்று சொல்லுங்கள்.

20 நிமிஷம் பேசுவார். கேளுங்கள்.